அமிலத்தில் பிறக்கும் மருந்து

ஓமெப்ரசோலின் தூய தூள் வெள்ளையாக, சாதுவாக இருக்கும். அதில் ஒரு சிட்டிகையை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் கரைசல் மஞ்சளாகும். அப்புறம் சிவந்து ஊதாவாகி, கடைசியில் பழுப்பாகக் கலங்கிவிடும். தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இந்த நிறத்தைக் கண்டால் எல்லோருக்கும் முகம் சுண்டிப்போகும். சரக்கு கெட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் ஏறக்குறைய இதே கெட்டுப்போதல்தான் இரைப்பைச் சுவரில் ஓர் இடுக்கில் நடக்கும்போது மருந்தாக வேலை செய்கிறது. அமிலத்தை அடக்க வந்த இந்த மூலக்கூறு, அமிலத்தைச் சந்திக்காதவரை வெறும் தூள்.

பி.பார்ம் நான்காம் செமஸ்டரில் ஒரே தாளில் ஸ்டீரியோகெமிஸ்ட்ரியும் வரும், பல்லின வளையச் சேர்மங்களும் வரும். முன்னதை ஆர், எஸ் போடும் கணக்காகவும், பின்னதை வளையங்களின் பெயர்ப் பட்டியலாகவும் உருப்போட்டு எழுதிவிட்டு வெளியே வந்துவிடுவோம். அடுத்த வருடம் மெடிசினல் கெமிஸ்ட்ரியில் ஓமெப்ரசோல் வரும்போது இரண்டுமே நினைவில் இருக்காது. என்னைக் கேட்டால், அந்தத் தாளின் பாதியை இந்த ஒரு மருந்தை வைத்தே நடத்திவிடலாம்.

முதலில் வளையங்கள். கார்பன் மட்டுமே இருக்க வேண்டிய வளையத்தில் நைட்ரஜனோ, ஆக்சிஜனோ, கந்தகமோ புகுந்தால் அது பல்லின வளையம். 2014இல் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நியார்தார்சன் குழுவினர், அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிறு மூலக்கூறு மருந்துகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, அவற்றில் 59 விழுக்காட்டில் நைட்ரஜன் உள்ள வளையம் ஒன்றாவது இருந்தது. ஏன் இவ்வளவு மோகம்? வளையம் மூலக்கூறுக்கு விறைப்பான உருவத்தைத் தருகிறது என்பது பாதிப் பதில். மீதிப் பதில் நைட்ரஜனிடம் இருக்கிறது. புரோட்டானை வாங்கவும் விடவும், உலோகத்தைப் பற்றவும், ஹைட்ரஜன் பிணைப்பு போடவும் தெரிந்த அணு அது.

ஆனால் எல்லா நைட்ரஜனும் ஒன்றல்ல. பிரிடினில் உள்ள நைட்ரஜனின் தனித்த இரட்டை எலக்ட்ரான்கள் வளையத்தின் தளத்திலேயே வெளிப்புறம் நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. அரோமேட்டிக் கணக்குக்கு அவை தேவையில்லை. எனவே புரோட்டான் வந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். பிரிடினியம் அயனியின் பி.கே.ஏ. சுமார் 5.2. பைரோலில் நிலைமை வேறு. அங்கே ஆறு எலக்ட்ரான் கணக்கை நிறைவு செய்வதே அந்த இரட்டைதான். அதைப் புரோட்டானிடம் கொடுத்தால் அரோமேட்டிக் தன்மை போய்விடும். அதனால் பைரோல் காரமே அல்ல என்று சொல்லும்படி இருக்கிறது. இமிடசோலில் இரண்டு வகையும் ஒரே வளையத்தில் குடியிருக்கின்றன. பென்சீனோடு ஒட்டிய இமிடசோல்தான் பென்ஸிமிடசோல்.

இப்போது ஓமெப்ரசோலை வரைந்துகொள்ளுங்கள். ஒரு முனையில் பிரிடின் வளையம், அதன் மேல் ஒரு மெத்தாக்சியும் இரண்டு மெத்தில்களும். மறுமுனையில் பென்ஸிமிடசோல், அதன் மேல் இன்னொரு மெத்தாக்சி. நடுவில் ஒரு மெத்திலீன், அதை ஒட்டி ஆக்சிஜனைச் சுமந்த ஒரு கந்தகம். இதுவே சல்பாக்சைடு. மூன்று துண்டுகளும் சேர்ந்துதான் வேலை செய்யும். எதை எடுத்தாலும் மருந்து போய்விடும்.

இந்த உருவம் ஒரே நாளில் வந்ததல்ல. 1970களின் தொடக்கத்தில் சுவீடனில் மோல்ன்டால் என்ற ஊரில், அஸ்ட்ரா குழுமத்தைச் சேர்ந்த ஹெஸ்லே நிறுவனத்தின் வேதியியலர்கள், செர்வியே என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஒரு பிரிடின் சேர்மத்தைக் கையில் எடுத்தார்கள். அது அமிலச் சுரப்பைக் குறைத்தது. ஆனால் அதிலிருந்த தயோஅமைடு தொகுதி நச்சுத்தன்மை உடையது. கந்தகம் வேண்டும், தயோஅமைடு வேண்டாம் என்று மாற்றி மாற்றிச் செய்துபார்த்ததில் 1973இல் பென்ஸிமிடசோல் சல்ஃபைடு ஒன்று கிடைத்தது. அது உடலுக்குள் ஆக்சிஜனேற்றம் அடைந்து கிடைத்த சல்பாக்சைடு இன்னும் வீரியமாக இருந்தது. அதற்குப் பெயர் டிமோப்ரசோல். அதிலும் ஒரு சிக்கல்: தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதை அது தடுத்தது. வளையங்களின் மேல் சரியான இடங்களில் தொகுதிகளைப் பொருத்தியபோது தைராய்டு தொல்லை விலகியது. 1979இல் செய்யப்பட்ட எச் 168/68 என்ற சேர்மத்தைத்தான் இன்று ஓமெப்ரசோல் என்கிறோம். 1984இல் எலிகளுக்கு வாழ்நாள் முழுக்கக் கொடுத்த சோதனையில் இரைப்பையில் கட்டிகள் தோன்றவே, மனிதர்களிடம் நடந்த சோதனைகள் நிறுத்தப்பட்டன. அமிலம் அடங்கியதால் காஸ்ட்ரின் ஹார்மோன் ஏறியதே காரணம், மருந்தின் நேரடி நச்சு அல்ல என்று தெளிவான பிறகுதான் வேலை மறுபடி தொடங்கியது. 1988இல் மருந்து கடைக்கு வந்தது.

அதே 1988இல் ஜேம்ஸ் பிளாக் நோபல் பரிசு பெற்றார். அமிலச் சுரப்புக்கு முந்தைய தலைமுறை மருந்தான சிமெட்டிடின் அவர் வழிநடத்திய ஆய்விலிருந்து வந்தது. சிமெட்டிடினில் ஓர் இமிடசோல் இருக்கிறது, ஹிஸ்டமினைப் போலவே. அந்த வளையத்தின் நைட்ரஜன் கல்லீரலின் சைட்டோகுரோம் நொதிகளில் உள்ள இரும்பையும் போய்ப் பற்றிக்கொள்ளும். அதனால் வார்ஃபரின், தியோஃபிலின் போன்ற மருந்துகளின் அளவு உடலில் ஏறிவிடும். ரானிடிடினில் இமிடசோலுக்குப் பதில் ஃப்யூரான் வந்ததும் இந்தத் தொந்தரவு பெரும்பாலும் நீங்கியது. கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சைக் கொல்லிகளுக்கோ அதே இரும்பைப் பிடிக்கும் குணமே ஆயுதம். ஒரு வளையம் மாறுவதால் எவ்வளவு ஆகிறது பாருங்கள்.

ஓமெப்ரசோலுக்குத் திரும்புவோம். அமிலத்தைச் சுரப்பவை இரைப்பைச் சுவரின் பரைட்டல் செல்கள். அவற்றின் சவ்விலுள்ள ஹைட்ரஜன்-பொட்டாசியம் ஏ.டி.பி.யேஸ் என்ற நொதி, ஹைட்ரஜன் அயனியை வெளியே இறைத்துவிட்டுப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. இறைக்கப்படும் இடம் செல்லின் உள்மடிப்பான ஒரு நுண்கால்வாய். அங்கே பி.எச். சுமார் 1. உடலில் இவ்வளவு அமிலம் உள்ள இடம் வேறு கிடையாது.

மாத்திரை குடலில் கரைந்து, மருந்து இரத்தத்தில் ஏறுகிறது. இரத்தத்தின் பி.எச். 7.4. ஓமெப்ரசோலின் பிரிடின் நைட்ரஜனுடைய பி.கே.ஏ. சுமார் 4. கணக்குப் போட்டால் இரத்தத்தில் சுமார் 2,500 மூலக்கூறுகளில் ஒன்றுதான் புரோட்டானுடன் இருக்கும். மற்றவை மின்சுமை இல்லாமல் எந்தச் சவ்வையும் தாண்டிப் போகும். நுண்கால்வாய்க்குள் நுழைந்ததும் கணக்கு தலைகீழாகிறது. ஆயிரத்தில் ஒன்றைத் தவிர எல்லாமே புரோட்டானை வாங்கிக்கொள்கின்றன. மின்சுமை ஏறிவிட்டதால் சவ்வைத் தாண்டித் திரும்ப முடியாது. இப்படிச் சிக்கிக்கொண்டு இரத்தத்தில் இருப்பதைப்போல் ஆயிரம் மடங்கு வரை அங்கே சேர முடியும். பி.கே.ஏ. 4 என்பது தற்செயலாக வந்த எண்ணும் அல்ல. அது 6 ஆகவோ 7 ஆகவோ இருந்திருந்தால், பி.எச். 5 அளவில் உள்ள லைசோசோம்களிலும் மருந்து குவிந்திருக்கும். 4 என்பதால் லைசோசோமில் தங்காது, பரைட்டல் செல்லில் மாட்டிக்கொள்ளும். பிரிடினின் மேல் எதிர்முனையில் உள்ள மெத்தாக்சி எலக்ட்ரானைத் தள்ளி நைட்ரஜனின் காரத்தன்மையைக் கூட்டுகிறது. இதே குடும்பத்து மருந்தான பான்டோப்ரசோலில் பக்கத்திலேயே இன்னொரு மெத்தாக்சி நிற்பதால் அது கொஞ்சம் குறைகிறது. அதனால் பான்டோப்ரசோல் மிதமான அமிலத்தில் நிதானமாகவே மாறும். அதே குடும்பத்து ரபெப்ரசோல் அவசரக்காரன்.

மாட்டிக்கொண்ட பிறகுதான் அந்த நிறம் மாறும் வேதிவினை. பென்ஸிமிடசோலின் நைட்ரஜனும் ஒரு புரோட்டானை ஏற்கிறது. இதற்கான பி.கே.ஏ. 1க்கும் கீழே, ஆகவே நுண்கால்வாயைத் தவிர வேறெங்கும் இது நடப்பது அபூர்வம். இதனால் பென்ஸிமிடசோலின் இரண்டாம் கார்பன் எலக்ட்ரானுக்கு ஏங்கும் நிலைக்கு வருகிறது. மறுமுனையிலிருக்கும் பிரிடின் நைட்ரஜன் வளைந்து வந்து அந்தக் கார்பனைத் தாக்குகிறது. கார்பன்–கந்தகப் பிணைப்பு உடைகிறது. கந்தகம் முதலில் சல்ஃபீனிக் அமிலமாகிறது. பின் தன் ஆக்சிஜனை நீராக இழந்து, பென்ஸிமிடசோல் நைட்ரஜனோடு சேர்கிறது. விளைவது நான்கு வளையங்கள் ஒட்டிய, நிலையான நேர்மின்சுமை கொண்ட ஒரு சல்ஃபீனமைடு. உண்மையான மருந்து இதுதான். பக்கத்திலேயே இருக்கும் நொதியின் 813ஆம் இடத்துச் சிஸ்டீனுடன் இது டைசல்ஃபைடு பிணைப்பில் இறுகிக்கொள்கிறது. அந்த நொதி அத்தோடு முடங்கியது.

இரத்தத்தில் ஓமெப்ரசோலின் அரை ஆயுள் சுமார் ஒரு மணி நேரமே. ஆனாலும் அதன் வேலை ஒரு நாளுக்கு மேல் நீடிக்கக் காரணம் இந்தப் பிணைப்பு. செல் புது நொதியைச் செய்து வைக்கும்வரை அமிலம் முழுசாக வராது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். உணவு வரும்போதுதான் நொதிகள் சவ்வுக்கு வந்து இறைக்கத் தொடங்கும். இறைக்காத நொதிக்கு அருகில் அமிலம் இல்லை, அமிலம் இல்லாத இடத்தில் மருந்தும் இல்லை. இரவுச் சாப்பாடு முடித்து, படுக்கப் போகும்போது விழுங்கிவிட்டு "மாத்திரை கேட்கவில்லை" என்று வருகிறவரிடம், மருந்தாளுநர் முதலில் நேரத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

காப்சூலைப் பிரித்தால் வரும் குருணைகளையும் இங்கேயே பார்த்துவிடலாம். மருந்து இரைப்பைக் குழிக்குள்ளேயே அமிலத்தைச் சந்தித்தால், வேண்டாத இடத்தில் உருமாறி வீணாகும். ஆகவே அமிலத்தில் கரையாத என்டெரிக் பூச்சு. ஆனால் அந்தப் பூச்சுக்கான பாலிமரே அமிலத் தொகுதிகள் கொண்டது. மருந்தை நேராகத் தொட்டால் அதுவே கெடுத்துவிடும். எனவே நடுவில் ஒரு தடுப்புப் பூச்சு, உட்கருவில் கொஞ்சம் காரப்பொருள். அந்தக் குருணையை நுணுக்கிப் பாலில் கலந்து குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, கூடாது என்று ஏன் சொல்கிறோம் என்பது இப்போது விளங்கும்.

இனி கைகள். மூலக்கூறின் கைத்தன்மை என்றதும் நான்கு வெவ்வேறு தொகுதிகள் கொண்ட கார்பனைத் தேடுவோம். ஓமெப்ரசோலில் அப்படி ஒரு கார்பன் கிடையாது. கந்தகத்தில்தான் கைத்தன்மை. ஆக்சிஜன், பென்ஸிமிடசோல், மெத்திலீன் மூன்றும் பிரமிடின் அடித்தளம்போல் நிற்க, நான்காவது இடத்தில் தனித்த இரட்டை எலக்ட்ரான்கள். தேர்வில் ஆர், எஸ் போடச் சொன்னால் முன்னுரிமை இந்த வரிசை: ஆக்சிஜன் முதல், அடுத்து மூன்று நைட்ரஜன் கணக்கு வரும் பென்ஸிமிடசோல் கார்பன், அப்புறம் மெத்திலீன், எலக்ட்ரான் இரட்டை எப்போதும் கடைசி. அமீன்களில் நைட்ரஜன் கணந்தோறும் புரண்டுகொண்டே இருப்பதால் அதன் இரண்டு வடிவங்களையும் பிரித்துவைக்க முடியாது. சல்பாக்சைடில் கந்தகம் புரள வேண்டுமானால் நிறைய ஆற்றல் வேண்டும். அறை வெப்பநிலையில் அது நடக்காது. உடலுக்குள்ளும் எஸ் வடிவம் ஆர் ஆவதில்லை.

இதைத் தாலிடோமைடுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கை தூக்க மருந்து, மறு கை கருவைச் சிதைக்கும் நஞ்சு, பிரித்துக் கொடுத்திருந்தால் விபரீதமே நடந்திருக்காது என்று பாடநூல்கள் இன்னமும் எழுதுகின்றன. அதில் கைத்தன்மை உள்ள கார்பனின் ஹைட்ரஜன் எளிதில் கழன்று ஏறக்கூடியது. தூய்மையான ஒரு கையைக் கொடுத்தாலும் சில மணி நேரத்தில் உடலில் இரண்டும் கலந்துவிடும். பிரித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. மாணவர்கள் முதலில் கேள்விப்படும் உதாரணமே இப்படி அரைகுறையாக இருப்பது வருத்தம்தான்.

கைத்தன்மையை விளக்கும்போது நாம் சொல்லும் வழக்கமான கதை ஒன்று உண்டு: வலது செருப்பு இடது காலில் ஏறாது, அதுபோல மருந்தின் ஒரு கை ஏற்பியில் பொருந்தும், மறு கை பொருந்தாது. பல மருந்துகளுக்கு இது சரி. ஓமெப்ரசோலுக்கு முழுக்கத் தவறு. மேலே சொன்ன வினையை மறுபடி பாருங்கள். கந்தகம் தன் ஆக்சிஜனை நீராக விட்டுவிடுகிறது. சல்ஃபீனமைடில் அதற்கு இரண்டே பிணைப்பு. கைத்தன்மை போயே போய்விட்டது. ஆர், எஸ் எதிலிருந்து தொடங்கினாலும் நொதியைப் பிடிப்பது ஒரே பொருள். பிரித்தெடுத்த பரைட்டல் செல்களில் சோதித்தால் இரண்டு கைகளும் சமமாகவே அமிலத்தை அடக்குகின்றன.

அப்படியானால் எஸ் வடிவத்தை மட்டும் பிரித்து எசோமெப்ரசோல் என்று தனி மருந்தாக விற்பது எதற்கு? வித்தியாசம் வழியில் இருக்கிறது. இரைப்பைக்குப் போகுமுன் மருந்து கல்லீரலைக் கடந்தாக வேண்டும். அங்கே சிஒய்பி 2சி19 என்ற நொதி, பிரிடின் வளையத்தின் மேலுள்ள ஒரு மெத்திலை ஆக்சிஜனேற்றம் செய்து மருந்தைக் கழித்துக்கட்டுகிறது. அந்த நொதிக்குக் கை தெரியும். ஆர் வடிவத்தை அது வேகமாக விழுங்குகிறது, எஸ் வடிவத்தை அவ்வளவு சுலபமாக அல்ல. எஸ்ஸின் கணிசமான பகுதி சிஒய்பி 3ஏ4 வழியாக மெதுவாக சல்ஃபோனாகிறது. இதனால் அதே 20 மில்லிகிராம் அளவில், இரு கைகளும் சமமாகக் கலந்த சுழிமாய்க் கலவையைவிட எஸ் வடிவம் ஏறக்குறைய இரு மடங்கு மருந்தை இரத்தத்தில் தேக்கிவைக்கிறது. சல்பாக்சைடு கந்தகத்தின் கை, அதிலிருந்து சில அணுக்கள் தள்ளியிருக்கும் மெத்திலின் கதியைத் தீர்மானிக்கிறது.

ஹெஸ்லேகாரர்கள் எலியில் சோதித்தபோது ஆர் வடிவம்தான் மேலாக இருந்தது, நாயில் பெரிய வித்தியாசமே இல்லை. எலியை மட்டும் நம்பியிருந்தால் இன்று கடையில் ஆர்-ஓமெப்ரசோல் இருந்திருக்கும்.

பிரிப்பது சோதனைக்குச் சரி. டன் கணக்கில் செய்ய வேண்டுமானால் கந்தகத்தில் ஆக்சிஜனை ஏற்றும்போதே ஒரு பக்கமாக ஏற்ற வேண்டும். வேதியியலர் ஷார்ப்லெஸ் 1980இல் அலைல் ஆல்கஹால்களுக்காகக் கண்டுபிடித்த டைட்டானியம்–டார்ட்ரேட் முறையை, பிரான்சில் ஹென்றி காகன் 1984இல் சல்ஃபைடுகளுக்கு ஏற்ப மாற்றினார். ஆனால் காகன் முறைக்கு ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் உள்ள சல்ஃபைடு பிடிக்கும். ஓமெப்ரசோலின் சல்ஃபைடில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே பருமன் உள்ள பல்லின வளையங்கள். முதலில் வந்தது சுழிமாய்க் கலவைக்குச் சற்று மேல். அஸ்ட்ராவின் வேதியியலர்கள் கலவையில் டைஐசோபுரோப்பைல்எத்தில் அமீன் என்ற காரத்தைச் சேர்த்து, டைட்டானியக் கூட்டுப்பொருளைச் சல்ஃபைடுடன் முன்கூட்டியே சூடாக்கி வைத்தபோது, ஒரு கை 94 விழுக்காட்டுக்கு மேல் மிகுந்து வந்தது. வழிகாட்டும் கை டார்டாரிக் அமிலத்தின் எத்தில் எஸ்டருடையது. நம் புளியில் இருக்கும் அதே அமிலம். 1848இல் லூயி பாஸ்டர் அதன் உப்புப் படிகங்களைத்தான் இடுக்கியால் இடம், வலம் என்று பொறுக்கிப் பிரித்தார். டார்ட்ரேட்டின் ஒரு கையைப் போட்டால் எஸ், மறு கையைப் போட்டால் ஆர்.

எசோமெப்ரசோல் 2000இல் சந்தைக்கு வந்தது. ஓமெப்ரசோலின் காப்புரிமை முடியும் தறுவாய் அது. பழைய மருந்தின் பாதியை எடுத்துப் புது விலையில் விற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு உடனே எழுந்தது. முக்கியச் சோதனைகளில் எசோமெப்ரசோல் 40 மில்லிகிராமை ஓமெப்ரசோல் 20 மில்லிகிராமுடன் ஒப்பிட்டிருந்தார்கள். அளவை இரட்டித்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்? வேதியியல் அசலானது, மருத்துவ ஆதாயம் சொற்பம் என்பதே என் கணிப்பு. ஓமெப்ரசோலின் அளவைச் சற்றுக் கூட்டினாலே பெரும்பாலோருக்கு அதே பலன் கிடைக்கும். இந்தியக் கடைகளில் எஸ்-பான்டோப்ரசோலும் டெக்ஸ்ரபெப்ரசோலும் கிடைக்கின்றன. மருத்துவ ஆதாயம் எவ்வளவு என்று அவற்றை எழுதுகிறவர்களிடமும் கேட்கலாம்.

2சி19 நொதி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதன் மரபணுவில் வேலை செய்யாத வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு ஓமெப்ரசோல் மெதுவாகவே கழியும். அவர்களிடம் கைகளுக்கு இடையிலான வித்தியாசமும் பெருமளவு மறைந்துவிடும். புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் துறை தமிழர்களிடம் செய்த ஆய்வில், இந்தச் செயலற்ற வடிவம் ஐரோப்பியர்களிடம் உள்ளதைவிட நன்றாகவே அதிகம் என்று தெரிந்தது. ஆக, ஐரோப்பியரை வைத்துச் செய்த ஒப்பீட்டை அப்படியே நம் நோயாளிக்குப் பொருத்துவது சரியாக வராது.

இதே நொதிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மாரடைப்புக்குப் பின் தரப்படும் குளோபிடோக்ரெல் ஒரு தையீனோபிரிடின், எஸ் கை. அதுவும் தானாக வேலை செய்யாது. கல்லீரலில் 2சி19 அதைத் திறந்துவிட்டால்தான் இரத்தத் தட்டணுக்களைப் பிடிக்கும். ஓமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அந்த நொதியை அடைத்துக்கொள்கின்றன. 2009இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்தக் கூட்டைத் தவிர்க்கும்படி எச்சரித்தது. பான்டோப்ரசோல் அந்த நொதியை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. ஆகவே ஸ்டென்ட் வைத்தவரின் மருந்துச் சீட்டில் குளோபிடோக்ரெலுக்குக் கீழே ஓமெப்ரசோல் எழுதியிருந்தால், எடுத்துக் கொடுப்பதற்கு முன் மருத்துவரை ஒரு முறை தொலைபேசியில் கூப்பிடுங்கள்.